வளையம் நழுவுனா ஆப்பரேசன்தான்னு இல்லீங்க

அம்மாவுக்கு 64 வயசு, சர்க்கரை இருக்குது, கர்ப்பப்பை இறக்கத்துக்கு, அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வெச்ச வளையம் (பெசரி) கக்கூஸ்ல முக்கும்போது விழுந்திருச்சு, இனி ஆப்பரேசன்தானான்னு கோபியிலிருந்து கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க அம்மிணி. முதல் அளவு அமையாம போறது சகஜம். அந்த வளையத்தைக் கழுவி டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, அடுத்த அளவோ வேற வடிவமோ வெச்சுப் பாப்பாங்க. வெச்சதும் வீட்டுக்குக் கிளம்பிறாதீங்க. அங்கியே நடக்கோணும், குந்தி எந்திரிக்கோணும், இருமோணும், ஒண்ணுக்கும் போய்ப் பாக்கோணும். ஒண்ணுக்கு அடைச்சா அளவு பெருசா இருக்கலாம், நழுவுனா சிறுசா இருக்கலாம். சரியா அமைஞ்சா உள்ளே இருக்கறதே தெரியாது.

முக்கறதுதான் பெரிய வில்லங்கம். மலச்சிக்கலுக்கு வைத்தியம் பாருங்க. குந்தும்போது விரலால வளையத்தை அணைச்சுப் பிடிச்சுக்கலாம். பால் கேன் மாதிரி கனமானதை வேற ஆளு தூக்கட்டும் (அம்மா கேக்க மாட்டாங்க, தெரியும்).

அம்மாவே கழட்டி மாட்டப் பழகுனா ரொம்ப நல்லது. சோப்பும் தண்ணியும் போதும், டெட்டால் வேண்டாம். முடியலைன்னா டாக்டர் சொன்ன தேதிக்கு, பொதுவா 3 முதல் 6 மாசத்துக்கு ஒருக்கா, காட்டியே ஆகோணும். உள்ளேயே மறந்து விட்டா புண்ணு ஆழமா அரிச்சிரும். தூரம் நின்ன வயசுல அந்த எடம் வறண்டிருக்கும், ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கிரீம் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

லேசா வெள்ளைபட்டா பரவாயில்ல. ரத்தமோ நாத்தமோ வலியோ வந்தா உடனே காட்டுங்க. ஒண்ணுக்கே வராம நின்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.