பொம்மையிட்ட என்னத்தக் கதைக்கிறது?

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில இருந்து வந்து மூணு கிழமைதான், ஊர் வாட்டுல ஆறு வருசம் வேலை செஞ்ச உங்களை இங்க பிளாஸ்டிக் பொம்மைக்கு முன்னால நிண்டு கதைக்கச் சொல்றாங்க, வாய் திறக்குதில்ல, வெளிநாட்டு நேர்ஸ்மார் இங்க பதிவாகிறதுக்கு எடுக்கிற ஓஸ்கி எண்ட செய்முறைச் சோதனையை எப்படிப் பாஸ் பண்றது எண்டு கேட்டிருந்தீங்க. நான் கல்லடி. இங்கிலாந்தில இது எனக்கு ஒன்பதாவது வருசம். உங்கட வெக்கம் எனக்கு நல்லாத் தெரியும்.

முதல் தரம் நான் பெயில். சோதனையில ஒவ்வொரு பகுதியும் ஒரு ஸ்டேசன், நான் பிழைச்சது மருந்து குடுக்கிற ஸ்டேசன். அளவு சரி, நேரம் சரி, சாட்டில கையெழுத்தும் சரி. ஆனா பேரையும் பிறந்த திகதியையும் கேட்டுக் கைப்பட்டியோட ஒத்துப் பார்க்கல்ல, அலர்ஜி இருக்கா எண்டும் கேட்கல்ல. நம்மட வாட்டுல வாழைச்சேனை அம்மா ஆரு, ஒன்பதாம் கட்டில் ஐயா ஆரு எண்டு முகத்தைப் பார்த்தே தெரியும். அவர்ர மகன் எத்தனை மணிக்குச் சோறு கொண்டு வருவார் எண்டும் தெரியும். இங்க ஒரு இரவுக்கு மட்டும் ஏஜென்சி நேர்ஸ் வருவா. அவவுக்கு வாட்டுல ஆரையும் தெரியாது, கைப்பட்டியும் வாயால கேக்கிற கேள்வியும்தான் துணை. இது விளங்கின பிறகு பொம்மையிட்டப் பேர் கேக்கிறது எனக்கு நடிப்பாத் தெரியல்ல.

அதால, கை செய்யிறதை வாயும் சொல்லோணும். "இப்ப உங்கட நாடியைப் பார்க்கப் போறன்" எண்டு சொல்லிட்டுத்தான் தொடோணும். நீங்க மனசுக்குள்ள நினைச்சதுக்குப் பரிசோதகர் புள்ளி போட ஏலாது. மூச்சை முழு நிமிசம் எண்ணுங்க. ஊரில அவசரத்துக்கு 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கின பழக்கம் இங்க வேணாம். மூச்சு, நாடி மாதிரி அளவுகளுக்குப் புள்ளி போட்டு நோயாளி மோசமாகிறாரா எண்டு பார்க்கிற முறைதான் நியூஸ்2. அதின்ட கூட்டுத்தொகை 5 வந்தா உடன டொக்டருக்குச் சொல்லோணும், 7 வந்தா அவசர டீமே வரோணும். மூச்சில பிழைச்சா அந்தக் கூட்டுத்தொகையும் பிழைச்சிடும்.

சிபிஆர், அதாவது இதயம் நிண்ட ஆளுக்கு நெஞ்சை அமுக்கி மூச்சுக் குடுக்கிற ஸ்டேசனுக்குப் பயப்பட வேணாம். தட்டிக் கூப்பிடுங்க, மூச்சைப் பாருங்க, ஆஸ்பத்திரி அவசர நம்பர் 2222க்கு அடிக்கச் சொல்லுங்க. பிறகு 30 அமுக்கு, 2 மூச்சு. நிமிசத்துக்கு 100 தொடக்கம் 120, ஆழம் 5 தொடக்கம் 6 சென்ரிமீற்றர். சில பொம்மையில ஆழம் சரியா வந்தா "கிளிக்" எண்டு சத்தம் கேக்கும். உயிரோட இருக்கிற ஆளின்ட நெஞ்சில இதைப் பழக ஏலுமா? நோர்வேயில விளையாட்டுச் சாமான் செஞ்ச லேர்டால் எண்டவர் 1960இல இந்த மாதிரிப் பொம்மையைச் செஞ்சு குடுத்ததும் இதுக்குத்தான்.

வெளிநாட்டு நேர்ஸ்மாரை மட்டும் இப்படிச் சோதிக்கிறாங்க எண்டும் நினைக்க வேணாம். இங்க படிக்கிற பிள்ளைகளுக்கு 2300 மணித்தியாலம் செய்முறைப் பயிற்சி. அதில 600 வரைக்கும் இப்படிச் சிமியுலேசனில செய்ய 2023இல இருந்து அனுமதி இருக்கு.

நாங்க ஊரில முதல் ஊசியை ஆரோ ஒரு பாவப்பட்ட ஆளின்ட கையிலதான் குத்திப் பழகினம். அவங்க பல்லைக் கடிச்சுக்கொண்டு "பரவாயில்ல மகள்" எண்டாங்க. அந்தக் கடன் இன்னும் என்ட மனசில கிடக்கு. நம்மட தாதியர் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பொம்மையில பிழைச்சுப் பழகக் கூடுதலா நேரம் கிடைக்கோணும் எண்டு ஆசையா இருக்கு.

மொத்தம் 10 ஸ்டேசன். சிலதில கதையே இல்ல, எழுத்து மட்டும். மற்றதுகளை வீட்டில தலகாணியை வச்சுச் சத்தமாச் செய்யுங்க, அறைத் தோழி சிரிச்சாச் சிரிக்கட்டும். ஞாயிறு பின்னேரம் எனக்கு லீவு, வீடியோவில எடுங்க. நான் நோயாளியாக் கிடக்கிறன். என்ட பேர் தெரிஞ்சாலும் கேளுங்க, பிறந்த திகதியையும் கேளுங்க. எனக்குப் பென்சிலின் அலர்ஜி இருக்கு, நீங்க கேக்கும் வரைக்கும் நான் சொல்ல மாட்டன்.