சாலையிலேயே பேசி முடிக்கலாமா?

கேள்வி: ஐயா, சென்ற வாரம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, மூன்றடைப்பு அருகே எதிர்த்திசையில் வாழைத்தார் ஏற்றிவந்த மொபெட்டில் என் கார் மோதிவிட்டது. ஓட்டிவந்த பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். "போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டாம் அண்ணாச்சி, 20,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் அவருடைய உறவினர்கள். வழக்கு வந்தால் ஓட்டுநர் உரிமம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவதால் காவல் நிலையத்துக்கு இன்னும் போகவில்லை. என்ன செய்வது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: பணம் கொடுக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, இன்றைக்கே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு கூறுகிறது. கூட்டத்தின் கோபத்துக்கு அஞ்சி இடத்தை விட்டு அகல நேர்ந்தாலும், நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் முதல் கடமையைச் செய்துவிட்டீர்கள்; மற்ற இரண்டும் தாமதமாகிவிட்டாலும் செய்தே ஆக வேண்டியவை.

எழுதி வாங்கும் தாள் குற்ற வழக்கைத் தடுக்காது. விபத்தில் காயமடைந்தவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தால், விபத்துப் பதிவேட்டில் குறித்துக் காவல் துறைக்குத் தகவல் அனுப்புவது வழக்கம். எனவே வழக்கு உங்களைத் தேடி வரும்போது, நீங்களாக முன்வந்து சொன்னவராக இருப்பதே நல்லது. கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதற்கான, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125, 281ஆம் பிரிவுகள் பிணையில் விடக்கூடியவை. வழக்குப் பதிவான உடனே உரிமம் ரத்தாகிவிடும் என்பதும் வீண் பயம்.

பணம் கொடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்வதோ, இழப்பீடு தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தின் வழக்கமான நிபந்தனை. நீங்கள் கொடுக்கும் 20,000 ரூபாயை நிறுவனத்திடம் கேட்டுப் பெற இயலாது. ஆனால் நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டில் உடற்காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லை. கால் முறிந்த ஒரு விவசாயிக்குத் தகடு வைக்கும் அறுவைச் சிகிச்சை, சில சமயம் அதை எடுக்க மறுபடியும் ஒன்று, அதுவரை தோட்டத்துக்குப் போக முடியாத மாதங்கள் என்று எத்தனை இருக்கின்றன! இந்தத் தொகை எதற்குப் போதும்? அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தால், திருநெல்வேலியிலுள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்யலாம் என்பதை அவர் வீட்டாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் எதிர்த்திசையில் வந்ததால் தவற்றில் அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டுத் தொகை குறையலாம்; அதற்காக முழுவதும் மறுக்கப்படும் என்று பொருளில்லை.

இதற்கெல்லாம் சான்று தேவை. விபத்து நடந்த இடத்தையும், சென்டர் மீடியன் இடைவெளியையும் இப்போதாவது படம் எடுத்துவையுங்கள். அருகில் பெட்ரோல் பங்கோ கடையோ இருந்தால், கேமரா பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாக்கச் சொல்லும்படி காவல் துறையிடம் எழுதிக்கொடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரும் காப்பீட்டு சர்வேயரும் பார்க்கும்வரை காரைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் சென்றால் நம்மைச் சாட்சி ஆக்கி அலைக்கழிப்பார்கள், மருத்துவமனையில் பணமும் கட்டச் சொல்வார்கள் என்று என் கணவர் தடுக்கிறார். இது உண்மையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தயங்காமல் தூக்குங்கள், அம்மா. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடரக் கூடாது என்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படியும் சாட்சியாக வரும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் வெளி மாநிலத்தவர் என்றாலும் பொருந்தும். கழுத்திலோ முதுகிலோ அடி இருப்பதாகத் தோன்றினால் மட்டும், வேறு ஆபத்து இல்லாதவரை, அவரை அசைக்காமல் 108 வரும்வரை அருகிலேயே இருங்கள்.