ஊர் மாறும் பெண்களுக்குப் புறப்படும் முன் என்ன கொடுக்க வேண்டும்?

கேள்வி: பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கான நல மையம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்கள் பலர் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். இங்கே ஆணுறையை விடாமல் பயன்படுத்தியவர்களில் சிலர் தொற்றோடு திரும்புகிறார்கள். ஊர் மாறினால் எச்.ஐ.வி. ஆபத்து கூடுமா? அவர்கள் கிளம்பும் முன் நான் என்ன செய்யலாம்?

பதில்: பயணத்தால் தொற்று வருவதில்லை. போய்ச் சேரும் இடத்தில் அந்தப் பெண்ணின் பேரம் பேசும் பலம் குறைந்துவிடுகிறது; ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் இடம்பெயர்ந்தோரைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகளும் எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல் இல்லை. எங்கே போகிறார், யாரை நம்பிப் போகிறார் என்பதைப் பொறுத்து நிலைமை மாறுகிறது.

பழகிய இடத்தில் எந்த வாடிக்கையாளரைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குரல் கொடுத்தால் ஓடிவரத் தோழிகள் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்குள்ள பெண்களிடையே இருக்கும் உடன்பாடு. ஆணுறை இல்லாமல் யாருமே சம்மதிக்காத இடத்தில், மறுப்பவருக்கு வருமானம் போவதில்லை; வாடிக்கையாளர் அடுத்த கதவைத் தட்டினாலும் அதே பதில்தான் கிடைக்கும். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992-இல் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் வலுப்பெற்றதற்கு, பெண்களே இப்படி ஒன்றுசேர்ந்தது ஒரு பெரிய காரணம். புதிதாக வந்தவர் இந்த உடன்பாட்டுக்கு வெளியே நிற்கிறார். பயணச் செலவுக்கும் அறை வாடகைக்கும் தரகரிடம் பட்ட கடன் ஒருபக்கம், புரியாத மொழி மறுபக்கம். ஆணுறை வேண்டாம், கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது மறுப்பது அவருக்கு மிகக் கடினம். ஆணுறை வைத்திருப்பதையே குற்றத்துக்குச் சான்றாகக் காவலர்கள் கொள்ளும் இடங்களில் அதைக் கையில் எடுத்துச் செல்லவும் பயப்படுவார். இதை அவருடைய அலட்சியம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

ஆகவே முதல் சில வாரங்களை மனத்தில் வைத்து உதவுங்கள். போகும் ஊரில் பரிசோதனை, சிகிச்சை கிடைக்கும் இடத்தையும், நம்பிப் பேசக்கூடிய ஒரு பெண்ணின் தொடர்பையும் (தொடர்பாக இருக்கப்போகும் அந்தப் பெண்ணின் சம்மதம் பெற்று) கொடுங்கள். என் பார்வையில், ஒரு பை நிறைய ஆணுறையைவிட இந்தத் தொடர்பு மதிப்பு மிக்கது. ஆணுறையோடு நீர் சார்ந்த மசகு ஜெல்லும் இருக்கட்டும். எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும்.

பரிசோதனையில் தொற்று இல்லையென்றால் 'பிரெப்' எனும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். பெண்களுக்கு இது முழுப் பாதுகாப்பு தர, தினமும் ஒன்றாக ஏழு நாட்கள் எடுத்திருக்க வேண்டும். ஆகவே ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கினால் அந்த முதல் வாரம் பாதுகாப்பின்றிப் போகும். மாத்திரைக்குப் பதிலாக, இதே தடுப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசியை 2022-லும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025-லும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கிடைக்கும் இடங்களில், அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கு இவை பெரிய வரம். ஆனால் பிரெப் மாத்திரையோ ஊசியோ, சிபிலிஸ் போன்ற மற்ற பால்வினை நோய்களையோ கர்ப்பத்தையோ தடுக்காது. ஆணுறை கிழிந்தாலோ வன்முறை நேர்ந்தாலோ 72 மணி நேரத்துக்குள், ஆபத்து நேர்ந்த பின் தொற்றைத் தடுக்க எடுக்கும் 'பெப்' மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது.

ஏற்கெனவே தொற்று உள்ளவர் என்றால், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து ஒருநாளும் தடைப்படக் கூடாது. நிலையாகச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் தரலாம். அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். போகும் ஊரில் சிகிச்சையைத் தொடர்வதற்கான மாற்றுக் கடிதமும் சேர்த்து. கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்று பரவாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். பலர் மருந்தை நிறுத்துவது மறதியால் அல்ல, உடன் தங்குபவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தால்தான். பெயர் எழுதாத, இறுக மூடும் புட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்.

தன் விருப்பத்துக்கு மாறாக யாராவது அழைத்துச் செல்லப்படுகிறார் என்று தெரிந்தாலோ, 18 வயது நிரம்பாதவர் என்றாலோ, முதலில் அவருடைய பாதுகாப்புக்கான உதவியைத் தேடுங்கள்.

திரும்பி வந்தவருக்கு உடனே எடுக்கும் விரைவுப் பரிசோதனை புதிய தொற்றைக் காட்டாமல் போகலாம். ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். இடையில் பிரெப் விட்டுப்போயிருந்தால், சோதித்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.