குவில்ட் போர்வை தைக்கும் பழைய லாங்ஆர்ம் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. சின்ன ஊரில் அதை வைத்துத் தொழில் நடக்குமா?

அமெரிக்காவில் சின்ன ஊர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறீர்கள், மனைவிக்கு நன்றாகத் தைக்க வரும், அங்கே ஒருவர் லாங்ஆர்ம் மெஷினை 9,000 டாலருக்கு விற்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஐயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை. அப்படித்தான் சோளக்காட்டுக்கு நடுவே வந்து சேர்ந்தோம். தொழில் நடக்கும். ஆனால் தையல் நன்றாக வரும் என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

முதலில் விசா விஷயம். மனைவி, எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருந்து, வேலை அனுமதி அட்டை கையில் இல்லையென்றால் பத்து டாலர்கூட வாங்கித் தைக்கக் கூடாது. வீட்டுக்குள்தானே செய்கிறோம் என்ற கணக்கு செல்லாது. எச்-4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 முதல் அந்த அட்டை கிடைக்கிறது. அதை உறுதி செய்துகொண்டு மேலே படியுங்கள்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த டாப், நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சுப் படலம், அடியில் பேக்கிங் துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கும் வேலைதான் குவில்ட்டிங். டாப்பை வீட்டு மெஷினில் தைத்துவிடலாம். ஆனால் குவீன் கட்டில் அளவு குவில்ட்டைச் சுருட்டி அதே மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடலுக்கும் நடுவே இருக்கும் எட்டு, ஒன்பது அங்குல இடைவெளிக்குள் நுழைத்துத் தள்ளிப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். லாங்ஆர்மில் அந்த இடைவெளி 18 முதல் 30 அங்குலம் வரை. துணி பத்து, பன்னிரண்டு அடி டேபிளில் உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியபடி நிற்கும், மெஷின்தான் தண்டவாளத்தில் நாலு பக்கமும் ஓடும். நாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு துணிமேல் வரைகிறோம். அதனால் ஊரில் டாப் தைக்கிறவர்கள் ஐம்பது பேர் இருந்தால், அவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது மெஷின் வைத்திருக்கும் ஓரிருவர் வாசலில்தான்.

இதில்தான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். இறகு, சுருள், இலை என்று வரைவதுதான் தொழில் என்று நினைத்து வருகிறார்கள். வரைவது கை பழகினால் வந்துவிடும். பேன்டோகிராஃப் என்று நீளமான காகித டிசைன் விற்கிறது. டேபிளின் பின்பக்கம் அதை விரித்துவைத்து, மெஷினில் இருந்து விழும் லேசர் புள்ளியால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போக வேண்டியதுதான். கம்ப்யூட்டர் பொருத்திய மெஷினாக இருந்தால் அதுவும் தேவையில்லை. நிஜமான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. அடுத்தவர் வெட்டி, அடுத்தவர் தைத்து, அடுத்தவர் ஆசைப்பட்ட ஒரு துணியை வாங்கி, அதில் இருக்கிற கோணலையெல்லாம் உள்வாங்கி, தட்டையாக முடித்துக் கொடுக்க வேண்டும்.

பார்டர் விஷயத்தைச் சொல்கிறேன். பார்டர் துணியை அளக்காமல், ஓரமாக வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டிவிடுவார்கள். அப்போது நடுப்பகுதி 80 அங்குலமும் பார்டர் 83 அங்குலமுமாகிவிடும். மேஜையில் விரித்தால் ஓரம் அலை அலையாக நிற்கும். டாப்பை வலது ஓரம், நடு, இடது ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து, சராசரிக்கு பார்டரை வெட்டியிருந்தால் இந்தத் தொல்லையே வராது. "குவில்ட் பண்ணும்போது சரியாகிவிடும்ல?" என்று கேட்பார்கள். முக்கால் அங்குலம் என்றால் ஊசியால் பரப்பி, கொஞ்சம் தடிமனான கம்பளி பேட்டிங் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். மூன்று அங்குலத்தை எங்கே தள்ளுவது? பார்டரைப் பிரித்து மறுபடி தையுங்கள் என்று சொல்ல வேண்டும். அதையும் எழுபது வயது அம்மாளிடம், தன் பேத்தி கல்யாணத்துக்காக ஆறு மாதம் உட்கார்ந்து தைத்தவரிடம், மனம் நோகாமல் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுத் தந்த பெரியம்மா இதில் கெட்டிக்காரர். யாருடைய டாப்பை விரித்தாலும் முதலில் நிறத்தைப் பாராட்டுவார், அப்புறம்தான் டேப்பை எடுப்பார்.

பேக்கிங் துணி நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். உருளையில் கட்டிய துணியோடு சேர்த்துக் குண்டூசி குத்தவும், தையல் இழுவையைச் சோதிக்கவும் அந்த இடம் வேண்டும். டாப்போடு ஒட்ட வெட்டிக் கொண்டுவருவார்கள். பொத்தான், மணி எல்லாம் முன்கூட்டியே தைத்துக் கொண்டுவருவார்கள். பூனை முடியோடு கொண்டுவருவார்கள்; அது தனிக் கதை.

நூல் டென்ஷன், அதாவது நூலின் இழுவையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேல் நூலும் பாபின் நூலும் பஞ்சின் நடுவில் சந்திக்க வேண்டும். வளைவில் கையை வேகமாக ஓட்டினால் ஊசி லேசாக வளையும், அடிப்பக்கத்தில் நூல் இமைமயிர் மாதிரி வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் குனிந்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தைப் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல் விட்டால் அடுத்த நாள் முழுக்க உட்கார்ந்து தையல் பிரிக்கும் வேலைதான்.

சரி, பணம். இங்கே சதுர அங்குலக் கணக்கு. துணி முழுக்க ஒரே டிசைன் போடும் சாதாரண வேலைக்கு நான் 2 சென்ட் வாங்குகிறேன். 90க்கு 100 அங்குலம் என்றால் 9,000 சதுர அங்குலம், 180 டாலர். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டிசைன் என்றால் இரண்டு, மூன்று மடங்கு கேட்கலாம்; ஆனால் சின்ன ஊரில் அதற்கு ஆள் குறைவு. டேபிளில் ஏற்ற ஒரு மணி நேரம், தைக்க மூன்று நான்கு மணி நேரம், நூல் செலவு, கரண்ட், அதன்மேல் வருமான வரி போக சுயதொழில் வரி 15.3 சதவீதம். 9,000 டாலர் மெஷினுக்கு மொத்த வரவிலேயே ஐம்பது குவீன் குவில்ட் வேண்டும்; செலவைக் கழித்தால் இன்னும் மேலே. மருத்துவக் காப்பீடு கணவர் வேலையில் வருவதால் என் கணக்கு ஓடுகிறது. தனியாக இதையே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் கம்ப்யூட்டர் மெஷின் போட்டு, அது ஒரு பக்கம் தைக்கும்போதே மறுபக்கம் அடுத்த டாப்பைத் தயார் செய்கிறவர்கள். அந்த மாதிரிப் புது மெஷின் 30,000 டாலரைத் தாண்டும்.

வேலை வருவதும் சீராக இருக்காது. மே மாதம் பள்ளிப் படிப்பு முடிகிற பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் குவில்ட், ஜூலையில் கவுண்டி ஃபேர் என்கிற மாவட்டக் கண்காட்சிப் போட்டிக்கு, அக்டோபரில் இருந்து கிறிஸ்துமஸ் பரிசுக்கு. டிசம்பர் 10ஆம் தேதி வந்து "25க்குள் கிடைக்குமா" என்று கேட்கிறவர் வருஷம் தவறாமல் ஒருவர் இருப்பார். 2025இல் ஜோஆன் துணிக்கடைகள் நாடு முழுக்க மூடப்பட்ட பிறகு பேட்டிங் கேட்டும் என்னிடமே வருகிறார்கள். பெரிய ரோலாக வாங்கி வெட்டி விற்கிறேன், லாபம் சுமார்தான்.

மிசௌரியின் ஹாமில்டன் ஊர்க் கதையை யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஜென்னி டோன் என்பவர் தன் டாப்பை குவில்ட் செய்யக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்து பிள்ளைகள் ஒரு லாங்ஆர்ம் வாங்கிக் கொடுத்தார்கள். 2008இல் தொடங்கிய அந்தக் கடைதான் இன்றைய மிசௌரி ஸ்டார் நிறுவனம். கதை உண்மைதான். ஆனால் அவர்களைத் தூக்கிவிட்டது யூடியூப் பாடங்களும் வெட்டிவைத்த துணிக்கட்டு விற்பனையும். கூலிக்குத் தைத்து அந்த உயரம் போக முடியாது. அந்தக் கதையில் நமக்கு உதவுவது, சின்ன ஊரிலும் காத்திருக்கும் வரிசை அவ்வளவு நீளம் என்கிற ஒரு தகவல்தான்.

இன்னொன்று, பெயர் கிடைக்காது. கையால் தைத்தால்தான் குவில்ட் என்று சொன்னவர்கள் ஒரு காலத்தில் அதிகம். 1989இல் கென்டக்கியின் படூகா கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலெர்ட் மெஷினில் தைத்த குவில்ட் முதல் பரிசு வாங்கியபோதுதான் அந்தச் சுவர் விரிசல் விட்டது. கூலிக்குக் கொடுத்துத் தைப்பதைச் 'செக் எழுதி முடித்த குவில்ட்' என்று கேலி செய்கிறவர்கள் இன்றும் உண்டு. பெரிய கண்காட்சிகளில் டாப் தைத்தவர், குவில்ட் செய்தவர் என்று இரண்டு பெயரும் போடுகிறார்கள். எங்கள் கவுண்டி ஃபேரில் பரிசு ரிப்பனை வாங்கிக்கொண்டு போகிறவர் டாப் தைத்தவர் ஒருவர்தான். அது எனக்கு உறுத்துவதில்லை, உங்கள் மனைவிக்கு உறுத்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் அறிமுகம் வேண்டுமென்றால் குவில்ட்ஸ் ஆஃப் வேலர் குழுவில் சேரச் சொல்லுங்கள். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு குவில்ட் செய்து கொடுக்கும் அமைப்பு, 2003இல் தொடங்கியது. டாப் யாராவது தைத்துத் தருவார்கள், நாம் இலவசமாக குவில்ட் செய்ய வேண்டும். கை பழகும், வாடிக்கையாளரும் வருவார்கள். சர்ச்சுக்குப் போகாத என்னை ஊர் ஏற்றுக்கொண்டது அந்த வழியில்தான்.

நம்மவர்களிடமிருந்தும் வேலை வரும். சிகாகோ, மினியாபொலிஸ் பக்கமிருந்து அம்மாவின் சேலைகளை அனுப்பிப் போர்வையாகக் கேட்கிறார்கள். பழைய பட்டு மடிப்பில் கீறும், எனவே பின்னால் மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரி போட்டு ஒட்டாமல் தொடாதீர்கள். ஜரிகை முந்தானையில் தையலை நெருக்கினால் இழை அறுந்து நிற்கும். அங்கே தூரத் தையல் போதும். சுங்குடி நன்றாக உட்காரும், சாயம் விடும். வெட்டுவதற்கு முன்பே அலசிவிட வேண்டும்.

இனி அந்த 9,000 டாலர். என்னுடையது எங்கள் மாநிலத்துக் கேரல் ஊரில் ஏ.பி.கியூ.எஸ். நிறுவனம் செய்த பழைய மில்லி மாடல், இடைவெளி 26 அங்குலம். உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது என்பதற்காகவே வாங்கினேன். நீங்கள் பார்ப்பதும் உற்பத்தியாளர் இன்னும் தொழிலில் இருக்கிற மெஷினா என்று பாருங்கள். ஸ்டிட்ச் ரெகுலேட்டர் உண்டா என்று கேளுங்கள். மிகப் பழையவற்றில் அது இருக்காது, கை வேகம் மாறினால் தையல் நீளமும் மாறும். 12 அடி டேபிளுக்கு 15 அடி அறை வேண்டும், இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டும். தரை மட்டமாக இல்லாவிட்டால் மெஷின் தானாக ஒரு பக்கம் உருளும். முடிந்தால் முதலில் ஏதாவது குவில்ட் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மனைவியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை, முதுகு ஒத்துழைக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் வீட்டுக்கு நீங்களே துணியும் பேட்டிங்கும் கொண்டுபோய், டேபிளில் ஏற்றி, வட்டம் வட்டமாகத் தைத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கழற்றி வேனில் ஏற்றிவைத்த மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.