அம்மப்பா சொன்னது உண்மைதான்

வணக்கம் ஐயா,

என் அம்மப்பாவுக்கு 84 வயது. போன கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து முற்றத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, "ஒரு காலத்தில ஆமிக்கே பெரியவர் தமிழன்தான்" என்றார். நானும் மச்சான்மாரும் சிரித்துவிட்டோம். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு மறதி கூடிவிட்டது என்று அம்மாவும் சொன்னா. அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா? இருந்திருந்தால் 58 கலவரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

க., புதுக்குடியிருப்பு

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மப்பாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு மறதி இல்லை.

அவர் சொன்ன மனிதர் மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. 1955 பெப்ரவரி 9 முதல் 1959 டிசம்பர் 31 வரை இலங்கை இராணுவத்தின் தளபதி. அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த கேத்னஸ் பிரபு, சேர் பிரான்சிஸ் ரீட் இருவரும் பிரித்தானியர்கள். ஆகவே, அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரே ஒரு தமிழர்தான். நீங்கள் இதைப் பாடசாலையில் படிக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கவலை இருக்கிறது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் நடுகல்லில் வொன் டிறிபேர்க் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் உண்டு. வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். முத்துக்குமாருவின் பெயரை இங்கே சொல்லித் தர ஒரு கல்லும் இல்லை.

அவர் 1908இல் கொழும்பில் பிறந்தவர். கத்தோலிக்கர். புனித சூசையப்பர் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகக் கல்லூரி, அதன் பிறகு ஒக்ஸ்போர்ட். லண்டனில் பரிஸ்டராகித் திரும்பி வந்து அப்புக்காத்தாகத் தொழில் பார்த்தவர். எங்கள் ஆட்கள் பிள்ளையை அப்புக்காத்து ஆக்கிவிட்டால் அதோடு நேர்த்தி முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். இவர் 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். அப்போது அது முழுநேர வேலைகூட இல்லை. உலகப் போர் வந்ததும் முழுநேரமானது. தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைத் தோட்டத்தில் தலைமையகம் வைத்திருந்தபோது அதற்குக் காவல் நின்ற படைப்பிரிவுக்கு இவர்தான் பொறுப்பு. 1949இல் சுதந்திர இலங்கைக்கென்று ஓர் இராணுவம் உருவானபோது, அதே காலாட்படையின் முதலாவது நிரந்தரப் பற்றாலியனைக் கட்டி எழுப்பும் வேலை அவரிடம் வந்தது. ஓ.பி.ஈ. பட்டம், நீண்ட சேவைக்காகத் தொண்டர் படை அதிகாரிகளுக்குக் கொடுக்கும் ஈ.டி. விருது, எல்லாம் இருந்தன. சரி, பதக்கங்களை இதோடு விடுவோம்.

அவர் தளபதியாக இருந்தபோது வன்னிக்கு வந்த ஆமியைப் பற்றி என் அம்மம்மா சொன்ன கதை ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

1957 டிசம்பர் வெள்ளம். நத்தாரை ஒட்டிய நாட்கள். அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் நாச்சதூவ குளம் உடைத்த அதே மழையில், நெடுங்கேணிப் பக்கம் எங்கள் ஊர்ச் சின்னக் குளமும் உடைத்தது. வயல், மாடு, பட்டறையில் இருந்த நெல், எதுவும் மிஞ்சவில்லை. பாடசாலைத் திண்ணையில் மூன்று நாள் இருந்தார்களாம். நான்காம் நாள் இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆமிக்காரர் வந்தார்கள். அம்மம்மாவின் கையில் ஒரு பால்பேணியைக் கொடுத்த பெடியனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கைக்குழந்தையைக் காட்டி, பேணியைக் காட்டி, தலையாட்டினானாம். பால் முடிந்ததும் அம்மம்மா அந்தப் பேணியின் விளிம்பைத் தட்டி மடக்கி, அரிசி அளக்கிற சுண்டாக வைத்துக்கொண்டா. நான் சிறுவனாக இருந்தபோது அது அரிசிப் பானைக்குள்தான் கிடக்கும். "ஆமிப்பேணியை எடுத்துக்கொண்டு வா" என்பா. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவவின் குரல் தாழ்ந்ததே இல்லை.

1997 மே மாதம் வன்னியைப் பிடிக்க ஆமியின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய கிழமையில் நெடுங்கேணியை விட்டு ஓடினோம். பேணி வீட்டிலேயே கிடந்துவிட்டது. ஆமி வருகிறது என்றுதான் ஓடினோம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1958 மே மாதம் தமிழரசுக் கட்சி மாநாடு நடக்க இருந்தது எங்கள் வவுனியாவில்தான். அந்த மாநாட்டுக்குக் கிழக்கிலிருந்து ரயிலில் வருகிறவர்களை அடிக்க, மே 22 அன்று பொலன்னறுவை நிலையத்தில் கூட்டம் காத்து நின்றது. அங்கே பிடித்த தீ நாடு முழுக்கப் பரவியது. அரசாங்கம் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்தது மே 27இல். இடையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாட்டை ஆண்டவர்கள். பொலன்னறுவையில் தாக்க வந்த பெருங்கூட்டத்தைச் சுட்டுத் திருப்பியது ஒரு சின்ன ஆமிப் பிரிவு. அதனால் உயிர் தப்பிய தமிழர்கள் பலர்.

தளபதி தமிழர்தானே, கட்டளைக்கு ஏன் காத்திருந்தார் என்று கேட்பீர்கள். நானும் உங்கள் வயதில் கோபத்தோடு கேட்டிருக்கிறேன். இன்று அப்படிக் கேட்க மாட்டேன். அரசாங்கத்தை மீறிப் படையைத் தெருவில் இறக்கும் தளபதி எந்த இனத்தவராக இருந்தாலும் ஆபத்தானவர். அவர் அதைச் செய்யவில்லை என்பதை நான் அவருடைய பெருமையாகவே எண்ணுகிறேன். அதற்காக அவரை எங்கள் காவலராக ஆக்கிக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் காலத்து ஆமி மன்னார்க் கரையோரத்தில் நின்று, இந்தியாவிலிருந்து வந்த ஏழைகளைக் கள்ளத்தோணி என்று பிடித்த ஆமியும்தான்.

அவர் பதவிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகுமுன் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அவர் ஓய்வுபெற்று ஒன்றரை வருடத்துக்குள், 1961 ஏப்ரலில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை ஆமி அடித்துக் கலைத்தது. 1962 ஜனவரியில் சில அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டுப் பிடிபட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு படையின் மேல்மட்டம் சிங்கள பௌத்தர்களின் பக்கம் திரும்பியது. தமிழ்ப் பெடியன் ஒருவன் அதிகாரியாகச் சேரும் வழி ஒடுங்கி ஒடுங்கிப் போனது. உங்கள் அம்மப்பாவுக்கு முத்துக்குமாரு தளபதியானது அதிசயமாகத் தெரிந்திருக்காது. தகுதி இருந்தது, வந்தார், அவ்வளவுதான். அம்மப்பாவின் பேரப்பிள்ளைகளுக்கு அது சிரிப்பை வரவழைக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, தம்பி. நீங்கள் கண்ட ஆமி வேறு.

முத்துக்குமாரு பின்னர் பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகராகவும் எகிப்தில் தூதுவராகவும் இருந்தார். இலங்கையின் இராணுவ வரலாற்றைச் சுருக்கி ஒரு நூலும் எழுதினார். 2001இல் காலமானார்.

அம்மப்பாவின் கோபம் ஆறியதும் பக்கத்தில் இருந்து 57 வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்போது அவருக்குப் பதினாறு வயது இருந்திருக்கும். எந்தக் குளம் முதலில் உடைத்தது, யார் வந்து சாப்பாடு கொடுத்தார்கள், அவர்களோடு எந்த மொழியில் பேசினார்கள் என்று கேட்டு, அவர் சொல்கிற மாதிரியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.