குளிர்காலத்திலிருந்து வன்னியின் யூலை வெயிலுக்குத் தனியாக வருபவர் முதல் நாட்களை எப்படிக் கழிக்க வேண்டும்?

மெல்பேர்ணின் குளிர்காலத்தில் விமானம் ஏறி யூலையில் தனியாக இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள கிளிநொச்சிக்கு வரவிருப்பதாகவும், இறங்கிய மறுநாளிலிருந்தே ஊர் பார்க்கத் தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தில் இதே வழியில் தனியாக வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் நான்கு நாட்களுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

நான் வன்னியிலேயே, முள்ளியவளையில் பிறந்து பன்னிரண்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவள். ஆகவே வன்னி வெயில் எனக்குப் புதிதல்ல என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பிழையானது. வெயிலைத் தாங்கும் திறன் பிறப்போடு வந்து நிலைத்துவிடுவதில்லை. வெப்பத்தில் இருக்கும்போது உடல் அதை ஓரிரு வாரங்களில் உண்டாக்கிக்கொள்கிறது, குளிருக்குத் திரும்பினால் சில வாரங்களிலேயே இழந்தும்விடுகிறது. முதல் நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி இன்னும் போதிய அளவு கூடியிராததால் சிறு வேலைக்கே நெஞ்சு படபடக்கும். வியர்வை பிந்தி வரும், வரும்போது உப்பை அதிகமாகக் கொண்டுபோகும். பகலில் பதின்மூன்று, பதினான்கு பாகை மட்டுமே இருக்கும் நகரத்திலிருந்து முப்பத்துநான்கு, முப்பத்தைந்து பாகைக்கு ஒரே நாளில் வந்து சேர்கிறீர்கள். தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் பெய்துவிட்டு வறண்டுபோய் வன்னிக்கு வரும் காலம் அது. அந்தச் சோளகக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீரை இழக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, தங்கியிருந்த வீட்டில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, அரை லீற்றர் தண்ணீரோடு கிளிநொச்சிக்கு அருகிலுள்ள இரணைமடுக் குளக்கட்டுக்குப் புறப்பட்டேன். திரும்பும் வழியில் தலை சுற்றி, கண் இருண்டு, வாந்தி வருவதுபோல் இருந்ததால் ஒரு மரநிழலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "பிள்ளை வெளிநாட்டால வந்தனீங்களோ? இந்த வெயிலுக்க ஏனம்மா வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டபடி அருகிலிருந்த வீட்டிலிருந்து தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்த தண்ணீரை ஒரு செம்பு நிறைய வாங்கிவந்து தந்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தபின்தான் என்னால் எழ முடிந்தது. என் கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்ததை வீட்டுக்கு வந்தபின் கண்டேன்.

தனியாக வருபவருக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று கருதுகிறேன். வெப்பம் முதலில் மங்கச் செய்வது நிதானத்தையே. அதைக் கவனித்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. எனவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் வீட்டாரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போங்கள். பேச்சுக் குழறினாலோ, மனம் தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ 1990 என்ற எண்ணை அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

நேர மாற்றம் உங்களுக்கு உதவியாகவே இருக்கும். அந்தப் பருவத்தில் இலங்கை மெல்பேர்ணுக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே காலை ஆறு மணிக்கு எழுபவருக்கு இங்கே இரவு ஒன்றரைக்கே விழிப்பு வந்துவிடும். மாலையில் ஐந்தரைக்குக் கண் சொருகும்போது படுத்துவிடாமல், பொழுது மங்கும்வரை முற்றத்து வெளிச்சத்தில் இருந்தால் உடலின் கடிகாரம் மெல்லப் பின்தள்ளப்படும். விடியற்காலை விழிப்பைப் பயனாக்கிக்கொள்ளுங்கள்: ஐந்தரை முதல் எட்டரை வரை வெளியே நடந்தால் உடல் வெயிலுக்குப் பழகும், பத்து முதல் நான்கு வரை நிழலை விட்டு நீங்க வேண்டாம். நாள் முழுவதும் குளிரூட்டிய அறைக்குள் அடைபட்டிருப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்படியிருந்தால் உடல் பழகாது. விறாந்தையில் காற்றாட இருப்பதே போதும்.

தண்ணீரை மட்டும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. போன உப்பும் திரும்ப வேண்டும். மோர், உப்பிட்ட கஞ்சி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஜீவனி என்ற, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சர்க்கரைத் தூள் ஆகியவை எனக்கு உதவின. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது என்பதால் குடிப்பதற்கு வடிகட்டிய நீரையே வாங்குங்கள். கணுக்கால் சற்று வீங்கலாம், வேர்க்குருவும் வரலாம். இரண்டும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவராயின் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள், அதே கறுப்புச் சட்டையோடு, இரண்டு லீற்றர் தண்ணீர் எடுத்துக்கொண்டு விடிய ஆறு மணிக்கு மீண்டும் இரணைமடுவுக்குப் போய் எட்டரைக்குள் திரும்பினேன். சட்டை நன்றாக நனைந்திருந்தது. காய்ந்தபின் அதில் உப்புக்கோடு இல்லை.