யுன்னான் கல்விச் சுற்றுலா: ஷாங்ரி-லாவை இறுதியில் வையுங்கள்

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங்கிலிருந்து ஷாங்ரி-லாவுக்கு விமானத்தில் சென்று, பிறகு லிஜியாங், தாலி வழியாகத் திரும்பும் உங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். தாலியில் தொடங்கி, லிஜியாங்கில் இரண்டு இரவுகள் தங்கி, ஷாங்ரி-லாவைக் கடைசியில் பாருங்கள்.

சென்ற ஆண்டு உங்கள் மாணவர்களில் பலர் முதல் நாளே தலைவலியும் குமட்டலுமாகப் படுத்துவிட்டதற்கு, நீங்கள் ஐயுற்றதுபோல உணவு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. குன்மிங் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும் ஷாங்ரி-லா 3,200 மீட்டருக்கு மேலும் உள்ளன. அந்த வேறுபாட்டை ஒரு மணி நேரத்தில் கடந்தால் உடல் பழக நேரமே கிடைக்காது; தாலி, லிஜியாங் வழியாகப் படிப்படியாக ஏறினால் கிடைக்கும்.

அட்டவணையில் ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரின் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரவுகளுக்கிடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் இருந்தால், இடையில் ஓர் ஊரைச் சேருங்கள்.

இந்த வரிசை படிப்புக்கும் உகந்தது. தாலியின் எர்ஹாய் ஏரிக்கரையில் பாய் மக்களின் அவுரிச் சாயத் துணிகளையும், லிஜியாங்கில் நாஷி மக்களின் தோங்பா சித்திர எழுத்தையும் கண்ட பிறகு ஷாங்ரி-லாவின் திபெத்திய மேய்ச்சல் நிலத்தை அடையும் மாணவர், உயரம் மாற மாற வாழ்க்கைமுறையும் மாறுவதைத் தாமே உணர்வார். லிஜியாங்குக்கும் ஷாங்ரி-லாவுக்கும் இடையே 2023 முதல் ரயில் ஓடுவதால் பயணமும் எளிது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: லிஜியாங்கின் யூலோங் பனிமலைக் கம்பிவட ஊர்தி 4,506 மீட்டர் வரை ஏறுவதால் அதை முதல் நாளில் வைக்கக் கூடாது, இதய, நுரையீரல் நோயுள்ள மாணவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.